‘நிறுவனர்’ என்ற ஒரு சொல்: சர்ச்சைக்குரியவரின் விக்கிப்பீடியா பக்கத்தில் கைவைக்கும் முன்

டெஸ்லாவைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் எலான் மஸ்க் என்று பதில் வரும். ஆனால் 2003 ஜூலையில் அந்த நிறுவனத்தைப் பதிவு செய்தவர்கள் மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்பெனிங் என்ற இரு பொறியாளர்கள். மஸ்க் 2004 பிப்ரவரியில் முதலீட்டாளராக உள்ளே வந்தார். அந்தச் சுற்றில் திரட்டிய 75 லட்சம் டாலரில் 65 லட்சம் அவர் போட்டது. அதோடு இயக்குநர் குழுவின் தலைவரும் ஆனார். 2008 அக்டோபரில்தான் தலைமைச் செயல் அதிகாரி. அடுத்த ஆண்டு எபர்ஹார்ட் அவர்மேல் வழக்குப் போட்டார். 2009 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. மஸ்க் உட்பட ஐந்து பேரும் தங்களை இணை நிறுவனர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அந்தச் சமரசத்தில் ஒன்று.

இப்போது சொல்லுங்கள், விக்கிப்பீடியாவில் ‘டெஸ்லாவின் நிறுவனர்’ என்று எழுதுவதா, ‘நிறுவனர் அல்லர்’ என்று எழுதுவதா? இரண்டுமே சரியில்லை. இந்த முடிச்சு தெரியாமல் பக்கத்தைத் திறக்கும் புதியவர் அந்தச் சொல்லை அழிப்பார், அல்லது சேர்ப்பார். சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். மறுபடி அழிப்பார். மறுபடி திரும்பும். மூன்றாவது முறை கோபத்தோடு ஏதாவது எழுதிவிட்டு, ‘விக்கிப்பீடியாவை ஒரு கும்பல் கைப்பற்றிவிட்டது’ என்று வெளியே போய்ச் சொல்வார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே அந்தப் புதியவனாக இருந்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்காக. மஸ்க் பக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். உயிரோடு இருக்கும் தொழில்நுட்பப் பெரும்புள்ளி யாருடைய பக்கத்துக்கும் இதே வழிதான்.

கணக்கும் பூட்டும்

முதலில் ஒரு பயனர் கணக்கு. ஒரு கணக்கு எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் செல்லும். சொந்தப் பெயர் கட்டாயமில்லை. சர்ச்சைக்குரிய பக்கங்களில் எழுதப் போகிறீர்கள் என்றால் புனைபெயரே நல்லது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் நாள், நேரத்தோடு என்றைக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். ஆனால் ‘மஸ்க்ரசிகன்’, ‘உண்மைவிளம்பி’ போன்ற பெயர்களை வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே பெயர் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்குத் தொடங்கிய அன்றே ஆங்கில விக்கிப்பீடியாவின் மஸ்க் பக்கத்துக்குப் போனால் தொகுக்க, அதாவது எதையும் மாற்றி எழுத, முடியாமல் போகலாம். சண்டை நடக்கும் பக்கங்களின் வலது மேல்மூலையில் சிறிய பூட்டு ஒன்று இருக்கும். சாம்பல் நிறப் பூட்டு என்றால் கணக்கு தொடங்கி 4 நாளும் 10 தொகுப்புகளும் ஆகியிருக்க வேண்டும். நீல நிறப் பூட்டு என்றால் 30 நாளும் 500 தொகுப்புகளும். பூட்டைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் கெட்ட வார்த்தைகளைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

அந்தக் காத்திருப்பு நாள்களை வீணாக்காதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர் ஏரி, உங்கள் ஊர்க் கோயில், நீங்கள் படித்த பாடத்தில் வரும் ஒரு பூச்சி என்று எதையாவது எடுத்து எழுத்துப்பிழை திருத்துங்கள், ஒரு மேற்கோள் சேர்த்துப் பாருங்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன, வேலைக்குப் பஞ்சமில்லை. கை பழக மணல்தொட்டி என்று ஒன்று உண்டு. அதில் எதை எழுதினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள். கொள்கை பற்றிய பேச்சென்றால் ஆலமரத்தடி. பெயருக்கேற்ற இடம்தான், பேச்சு நீளும்.

எழுதுவதற்கு முன் ஒரு மாலை வாசிப்பு

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கட்டுரையை வாசித்தால் போதாது. அதன் மேலே இருக்கும் ‘வரலாறு’, ‘உரையாடல்’ இரண்டையும் திறக்க வேண்டும்.

வரலாற்றில் கடைசி ஐம்பது மாற்றங்களைப் பாருங்கள். எந்தச் சொல் வந்து வந்து போகிறது? எந்தப் பத்தி வீங்குகிறது, சுருங்குகிறது? எந்தப் பயனர் பொறுமையாகச் சான்று சேர்க்கிறார், யார் மாற்றத்தின் காரணத்தைச் சொல்லும் சுருக்கம் எழுதாமல் அழித்துக்கொண்டே போகிறார்? அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தின் தெருச் சண்டையெல்லாம் புரிந்துவிடும். பிறகு உரையாடல் பக்கம். அதன் பழைய பேச்சுகள் தொகுப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதில் உங்கள் சொல்லைத் தேடுங்கள். ‘நிறுவனர்’ பற்றி நீங்கள் சொல்ல நினைப்பதை உங்களுக்கு முன்பே பலர் சொல்லி, பதிலும் வாங்கி, அடங்கியிருப்பார்கள்.

சண்டை எப்போதும் பெரிய ஊழலைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் முதல் வரியில் இருக்கும் ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றியே இருக்கும். 2019 டிசம்பரில் மஸ்க் தம்மைப் பற்றிய பக்கத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்ததாக ட்விட்டரில் எழுதி, ‘முதலீட்டாளர்’ என்ற சொல்லை யாராவது நீக்கிவிட முடியுமா, நான் முதலீடே செய்வதில்லை என்று கேட்டார். பல கோடிச் சொத்துக்காரர் ஒருவர் தம் பக்கத்தில் எத்தனையோ கசப்பான செய்திகள் இருக்க, உறுத்தலாகச் சொன்னது ஒரு பதவிப்பெயரை.

விக்கிப்பீடியாவின் சொந்த வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. 2001-இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது ஜிம்மி வேல்ஸுடன் லாரி சாங்கர் என்பவரும் இருந்தார். அவரை ‘இணை நிறுவனர்’ என்று சொல்லும் வரிகளை வேல்ஸ் தம் சொந்தப் பக்கத்தில் பலமுறை மாற்றினார் என்பது 2005-இல் செய்தியானது. பிறகு அதற்காக வருத்தமும் தெரிவித்தார். கலைக்களஞ்சியத்தைக் கட்டியவருக்கே தன் பக்கத்தைச் சும்மா விட முடியவில்லை. நமக்கென்ன வந்தது!

ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள்

பக்கம் முழுதும் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று தோன்றலாம். தோன்றட்டும். முழுப் பக்கத்தையும் திருத்த முயன்றால் முழுதும் திரும்பிவிடும், அதில் இருந்த நான்கு நல்ல திருத்தங்களும் சேர்ந்து போகும். ஒரு வாக்கியத்தையோ ஒரு பத்தியையோ எடுங்கள்.

எப்படி என்று ஒரு பத்தியில் காட்டுகிறேன். புதியவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘2018-இல் மஸ்க் பொய்யான ட்வீட் போட்டு முதலீட்டாளர்களை ஏமாற்றினார். மோசடி நிரூபணமாகி, 20 கோடி டாலர் அபராதம் கட்டியதோடு டெஸ்லாவின் தலைமைப் பதவியையும் இழந்தார்.’

படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் ஓட்டை.

‘மோசடி நிரூபணமாகி’ என்பது தவறு. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் தொடுத்த அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை; குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் சமரசம் செய்துகொண்டார்கள். அமெரிக்க ஒழுங்குமுறை வழக்குகளில் இது வாடிக்கையான ஏற்பாடு. ‘20 கோடி’ அதைவிடத் தவறு. 20 மில்லியன் என்பது 2 கோடி. ‘தலைமைப் பதவி’ என்பது மழுப்பல்: அவர் விட்டது இயக்குநர் குழுத் தலைவர் பதவி, தலைமைச் செயல் அதிகாரியாக அவரே தொடர்ந்தார். நம் நாளிதழ்களில் இரண்டும் ‘தலைவர்’ என்றே வருவதால் வரும் குழப்பம் இது. ‘பொய்யான’ என்பதை யார் சொல்வது? விக்கிப்பீடியா சொல்லக் கூடாது. சொல்வதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரில் எழுத வேண்டும். கடைசியாக, கதை 2018-இல் நின்றுவிட்டது. 2023 தீர்ப்பு எங்கே?

திருத்திய வடிவம்:

‘2018 ஆகஸ்ட் 7 அன்று, டெஸ்லாவைப் பங்குக்கு 420 டாலர் விலையில் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள எண்ணுவதாகவும் அதற்கான நிதி உறுதியாகிவிட்டதாகவும் மஸ்க் ட்விட்டரில் எழுதினார். இது முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் செப்டம்பர் 27 அன்று வழக்குத் தொடர்ந்தது. இரு நாள்களில் சமரசம் ஏற்பட்டது. குற்றச்சாட்டுகளை ஏற்காமலும் மறுக்காமலும், 2 கோடி டாலர் செலுத்தவும் இயக்குநர் குழுத் தலைவர் பதவியிலிருந்து மூன்று ஆண்டுகள் விலகியிருக்கவும் மஸ்க் இசைந்தார். டெஸ்லா தனியே 2 கோடி டாலர் செலுத்த இசைந்தது. தலைமைச் செயல் அதிகாரியாக அவர் தொடர்ந்தார். பங்குதாரர்கள் தொடுத்த வேறொரு வழக்கில், அந்தப் பதிவு உண்மைக்குப் புறம்பானது என்று நீதிபதி 2022-இல் முடிவு கூறினார். எனினும் மஸ்க் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி அல்லர் என்று சான் பிரான்சிஸ்கோ ஜூரி 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.’

சப்பென்று இருக்கிறதா? இருக்க வேண்டும். இதைப் படிக்கும் மஸ்க் ரசிகருக்கும் பிடிக்காது, அவரை வெறுப்பவருக்கும் பிடிக்காது. ஆனால் அழிப்பதற்கு இருவருக்கும் காரணம் கிடைக்காது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு மேற்கோள் எண் தொங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள’ என்று எழுதியதைக் கவனித்தீர்களா? ‘take private’ என்ற ஆங்கிலச் சொற்றொடரைப் பார்த்து ‘தனியார்மயமாக்க’ என்று எழுதிவிடுவோம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அரசுச் சொத்தைத் தனியாரிடம் கொடுப்பது என்று பொருள். டெஸ்லா எப்போது அரசாங்கக் கம்பெனியாக இருந்தது?

சான்று என்றால் எது

வாழும் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் சான்றில்லாத வரி கடன் சொல்லி வாங்கிய மளிகை மாதிரி. எப்போது வேண்டுமானாலும் கேட்டு வருவார்கள். எதைச் சான்றாக ஏற்பார்கள் என்பதில் புதியவர்கள் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்.

ஒன்று, நீதிமன்ற ஆவணம். அதைவிட உறுதியான சான்று உண்டா என்று தோன்றும். ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி, வாழும் மனிதரைப் பற்றிய கூற்றுக்கு நீதிமன்றக் கோப்புகளையும் பிற அரசுப் பதிவேடுகளையும் நேரடிச் சான்றாகக் கொடுக்காதே என்கிறது. காரணம் உண்டு. வழக்கு மனு என்பது ஒரு தரப்பின் பேச்சு. கட்டுரைக்கு உரியவரின் எதிராளி சொன்ன எதுவும் அதில் இருக்கும். அதைப் படித்து, மறுதரப்பையும் கேட்டு, எது முக்கியம் என்று பிரித்து எழுதிய செய்தியாளரின் கட்டுரைதான் வேண்டும். கோப்பை வாசிக்கலாம், உங்கள் புரிதலுக்கு.

இரண்டு, பெரிய பத்திரிகையின் பெயர். ஃபோர்ப்ஸ் தளத்தில் பணியாளர் எழுதிய கட்டுரையும் வெளியாட்கள் எழுதும் பத்தியும் ஒரே முகத்தோடு வரும். பின்னதை ஆங்கில விக்கிப்பீடியர்கள் ஏற்பதில்லை. எழுதியவர் பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் நாளிதழான டெய்லி மெயிலைப் பொதுவாகச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று 2017-இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் வருவது பெரும்பாலும் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தியின் சுருக்கம். சுருக்கும்போது ‘குற்றச்சாட்டு’ விழுந்து ‘குற்றம்’ மட்டும் மிஞ்சியிருக்கும். மூலத்தைத் தேடிப் பாருங்கள்.

மூன்று, அவருடைய சொந்தப் பதிவு. தன்னைப் பற்றி அவர் சொல்வதற்கு அதைக் காட்டலாம், அதுவும் தற்புகழ்ச்சியாக இல்லாதவரை. இன்னொருவரைப் பற்றி அவர் சொன்னதற்குக் காட்டக் கூடாது. மஸ்க் விஷயத்தில் இந்த விதி ஒன்றே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

இன்னொரு வலை இருக்கிறது. விக்கிப்பீடியாவில் யாரோ சான்றில்லாமல் போட்ட வரியை அவசரத்தில் ஒரு செய்தியாளர் எடுத்து எழுதுகிறார். பிறகு அந்தச் செய்தியே அதே வரிக்குச் சான்றாக வந்து ஒட்டிக்கொள்கிறது. செய்தியின் தேதியையும் அந்த வரி கட்டுரைக்குள் வந்த தேதியையும் ஒப்பிடுங்கள். செய்தி பின்னால் வந்தது என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது வரும் தனிச் சிக்கல்கள்

ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழில் ஏற்றுவது இப்போது எளிது. அதனால்தான் ஆபத்து. என் கதையைச் சொல்கிறேன். மஸ்க் 2022 அக்டோபரில் ட்விட்டரை 44 பில்லியன் டாலருக்கு வாங்கினார். நான் அதை 440 கோடி டாலர் என்று எழுதிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன். 4,400 கோடி. காலையில் ஒருவர் உரையாடல் பக்கத்தில், ‘ஐயா, 3,960 கோடி தள்ளுபடி எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு சீட்டு மேசையில் ஒட்டியிருக்கிறது: 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி.

வினைச்சொற்களில் இதைவிடக் கவனம் வேண்டும். ‘கூறினார்’ என்பதுதான் பாதுகாப்பான சொல். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் ஏதோ தப்புச் செய்தவர் ஆகிறார். ‘மழுப்பினார்’, ‘புலம்பினார்’, ‘விளாசினார்’, ‘பதிலடி கொடுத்தார்’ எல்லாம் நாளிதழ்த் தலைப்புக்குப் பிறந்தவை. ‘அம்பலமானது’ என்று எழுதினால், மறைத்து வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டீர்கள். அதற்குச் சான்று தனியாக வேண்டும். ‘என்று கூறப்படுகிறது’ என்ற வாலைப் பார்த்தால் உடனே கேளுங்கள்: யார் கூறுகிறார்? பெயரைப் போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் வாக்கியத்தையே எடுங்கள்.

வழக்குச் சொற்கள் அடுத்தவை. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு என்பது எல்லோருக்கும் தெரியும், எழுதும்போது மறந்துவிடும். உரிமையியல் வழக்கில் குற்றவாளியே கிடையாது. அதனால்தான் மேலே ‘பொறுப்பாளி அல்லர்’ என்று எழுதினேன். ‘நிரபராதி என விடுதலை’ என்று எழுதியிருந்தால், சிறைவாசலில் நின்றவர் மாதிரி ஆகியிருப்பார்.

மரியாதை விகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவரைப் பிடிக்காவிட்டாலும் ‘எழுதினார்’, ‘வாங்கினார்’ தான். பிடித்துவிட்டாலும் ‘திரு’, ‘தொழில்நுட்ப மேதை’, ‘அவர்கள்’ கூடாது. பெயரை எப்படி எழுதுவது, ‘மஸ்க்’ என்றா ‘மசுக்’ என்றா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்து பற்றிய பழைய விவாதம். புதியவராக அதில் தலையிடாதீர்கள். ஒரு வடிவம் தலைப்பில் இருக்கும், மற்றது அந்தத் தலைப்புக்கே கொண்டுவிடும் வழிமாற்றாக இருந்தால் போதும். வாசகர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்.

வாழும் மனிதர் என்பதால்

2005 மே மாதத்தில் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்க மூத்த பத்திரிகையாளரின் பக்கத்தில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் அவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்று யாரோ விளையாட்டாக எழுதிவைத்தார்கள். சீகந்தாலர் ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்தவர். ராபர்ட்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். நான்கு மாதத்துக்கும் மேல் அந்த வரி அப்படியே கிடந்தது. நவம்பரில் சீகந்தாலரே ஒரு நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். வாழும் மனிதரைப் பற்றிய தனிக் கொள்கையை ஆங்கில விக்கிப்பீடியர்கள் அதன்பின்தான் எழுதி வைத்தார்கள்.

அதன் சாரம் எளியது. வாழும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாத அல்லது நைந்த சான்றுள்ள, சர்ச்சைக்குரிய வரியைக் கண்டால் ‘சான்று தேவை’ என்று வார்ப்புரு (ஆயத்தக் குறிப்புச் சீட்டு) ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. உடனே எடுத்துவிட வேண்டும். புகழ்ச்சிக்கும் இதே விதி. குழந்தைகளின் பெயர், வீட்டு முகவரி, முழுப் பிறந்த தேதி ஆகியவற்றை, ஊரறிந்த ஊடகங்களில் பரவலாக வந்திருந்தால் ஒழியச் சேர்க்கக் கூடாது. வந்திருந்தாலும், கட்டுரைக்குத் தேவையா என்று ஒரு முறை யோசிக்கலாம். தலைவர் சர்ச்சைக்குரியவர் என்பதால் அவர் பிள்ளையின் வாழ்க்கை பொதுச்சொத்து ஆகிவிடாது.

‘சர்ச்சைகள்’ என்று தனித் தலைப்பிட்டு எல்லாவற்றையும் அதில் கொட்டும் பழக்கமும் நல்லதல்ல. அது குப்பைத்தொட்டி மாதிரி. வைத்த இடத்தில் எல்லோரும் கொட்டிவிட்டுப் போவார்கள். 2018 ட்வீட் டெஸ்லா பகுதியில், காலவரிசையில் தன் இடத்தில் வரட்டும். இன்று காலை அவர் போட்ட பதிவு எங்கே வரும்? எங்கேயும் வராது. ஒரு மாதம் பொறுத்து, அப்போதும் யாராவது அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் பார்க்கலாம்.

நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள்

அவர் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்களா? போட்டிக் கம்பெனியிலா? அந்தப் பக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி யாராவது பணம் கொடுத்தார்களா? பணம் வாங்கித் தொகுப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. சொல்லாமல் செய்தால் கணக்கு முடக்கப்படும். 2015-இல் இப்படி மறைவாகக் கூலிக்குத் தொகுத்த 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா ஒரே வீச்சில் முடக்கியது. தொடர்பு இருந்தால் கட்டுரையைத் தொடாமல், உரையாடல் பக்கத்தில் ‘இந்த வரி தவறு, இதோ சான்று’ என்று கேளுங்கள். ரசிகராக இருப்பது தவறில்லை. டெஸ்லா பங்கு வைத்திருந்தால், அந்தப் பக்கத்தின் விற்பனைக் கணக்கில் கைவைக்காமல் இருப்பது உங்களுக்கே நல்லது.

சேமிக்கும் பொத்தானுக்கு முன்னும் பின்னும்

முன்தோற்றம் பாருங்கள். மேற்கோள் சேர்க்கும் பொத்தானை அழுத்திச் செய்தியின் முகவரியை ஒட்டினால் தலைப்பு, நாளிதழ், தேதி எல்லாம் தானே வந்துவிடும். பெரும்பாலும் சரியாக வரும், ஆசிரியர் பெயரை மட்டும் சரிபாருங்கள். படம் சேர்ப்பதென்றால் விக்கிமீடியா பொதுவகம் என்ற படக் கிடங்கில் இருக்கும், யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமம் உள்ள படம் மட்டும். செய்தித் தளத்திலிருந்து எடுத்து ஏற்றினால் அழிப்பார்கள்.

அடுத்து ‘சுருக்கம்’ என்ற சிறு கட்டம். புதியவர்கள் இதை வெறுமையாக விடுவார்கள், அல்லது ‘உண்மையைச் சேர்த்தேன்’ என்று எழுதுவார்கள். வரலாற்றுப் பக்கத்தில் கண்காணிப்பவர் முதலில் பார்ப்பது இதைத்தான். ‘2018 ட்வீட் வழக்கு: தொகை 20 கோடியிலிருந்து 2 கோடியாகத் திருத்தம், 2023 தீர்ப்பு சேர்ப்பு, இரண்டு சான்றுகள்’ என்று எழுதிப் பாருங்கள். திருத்தத்தைத் திறந்து பார்க்காமலேயே பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். தகராறான மாற்றத்தைச் ‘சிறு தொகுப்பு’ என்று குறியிடாதீர்கள். பதுங்கிச் செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்கே மீளமைத்துவிட்டார்களா? நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். மூன்று என்பது உங்களுக்குக் கொடுத்த ஒதுக்கீடும் அல்ல. இரண்டாவதிலேயே ‘தொகுப்புப் போர்’ என்று சொல்லித் தடுக்கலாம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் பேச்சு மாறாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் வாழும் மனிதர் பக்கங்களுக்கு நிர்வாகிகளின் கை இன்னும் இறுகலாகவே இருக்கும்.

உரையாடல் பக்கத்துக்குப் போய்ப் புதிய தலைப்பில் எழுதுங்கள். நீளம் வேண்டாம். நான் இப்படி எழுதுவேன்:

‘தொடக்கப் பத்தியில் டெஸ்லா பற்றிய வரியில் ஒரு மாற்றத்தை முன்வைக்கிறேன். இப்போது இருப்பது: “டெஸ்லாவின் நிறுவனர்.” நான் முன்வைப்பது: “2004 முதல் டெஸ்லாவின் முதன்மை முதலீட்டாளர், 2008 முதல் அதன் தலைமைச் செயல் அதிகாரி, 2009 சமரசத்தின்படி அதன் ஐந்து இணை நிறுவனர்களில் ஒருவராகக் குறிப்பிடப்படுபவர்.” 2003-இல் பதிவு செய்தவர்கள் பெயரும் டெஸ்லா பகுதியில் வர வேண்டும் என்று கருதுகிறேன். சான்றுகளைக் கீழே தந்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் தெரிவியுங்கள். ஞாயிறு வரை காத்திருக்கிறேன்.’

முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் ஒப்பமும் நேரமும் தானே விழும். மீளமைத்தவரை ‘கும்பல்’, ‘கூலிக்கு மாரடிப்பவர்’ என்று சொல்லாதீர்கள். அவர் பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைச் சம்பளமில்லாமல் பெருக்கித் துடைக்கிறவராக இருக்கலாம். பதில் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாற்றத்தைச் செய்து, சுருக்கத்தில் ‘உரையாடல் பக்கம் காண்க’ என்று போடுங்கள். வந்தால் கேளுங்கள். மேலே நான் எழுதிய வரியை, ‘தொடக்கப் பத்திக்கு இது மிக நீளம், “இணை நிறுவனர்களில் ஒருவர்” என்றே சுருக்கி, மற்றதைக் கீழே கொண்டு போகலாமே’ என்று யாராவது சொல்வார்கள். சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. நானும் அதற்கு ஒத்துக்கொள்வேன்.

பக்கத்தின் மேலே இருக்கும் நட்சத்திரத்தை அழுத்திவிடுங்கள். அது உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும். அடுத்த முறை யாராவது புதியவர் வந்து, சுருக்கம் எழுதாமல், ‘இணை’ என்ற இரண்டெழுத்தை மட்டும் அழித்துவிட்டுப் போவார். அவருடைய பயனர் கணக்குக்கான பேச்சுப் பக்கம் காலியாக இருந்தால், மீளமைக்கும் முன் ஒரு வரவேற்பு வரி எழுதிவிட்டு, 2009 சமரசம் பற்றிய பழைய உரையாடலுக்கு ஓர் இணைப்பையும் கொடுங்கள்.